கடைமடையில் அணை கட்டிய ஆறு

டிசம்பர் 26, வியாழன்: லோவர் பியர்ஸ்

சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு எது என்று கேட்டால், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர்கூடச் சிங்கப்பூர் ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் உண்மையில் காலாங் ஆற்றுக்கு உரியது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு, லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் அணைக்குக் கீழே தொடங்கி, பீஷான், தோ பாயோ, பொத்தோங் பாசிர், கோலம் ஆயர் வழியாக இறங்கிக் காலாங் படுகையில் சேர்கிறது. வேகமாக நடப்பவர் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முகத்துவாரத்தை எட்டிவிடலாம். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமனாரோடு நடந்தால் அது நடக்காது. பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு மதகைக் கண்டால் பலகை எத்தனை, திருகு எந்தப் பக்கம், கசிவு எங்கே என்று பார்க்காமல் நகர மாட்டார். ஆண்டிறுதி விடுப்புக்காக நான் எழுதி வைத்திருந்த செந்தோசா, விலங்குத் தோட்டம் எல்லாவற்றையும் ஒரு முறை படித்துவிட்டு, "இதெல்லாம் பிள்ளைங்களோட போய்க்கலாம். ஊர்ல ஆறுன்னு ஒண்ணு இருந்தா அதைக் காட்டுங்க மாப்பிள்ளை" என்றார்.

அப்பர் தாம்சன் சாலையில் பரோட்டாக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. காலை ஏழரை மணிக்கே மேசை கிடைக்காமல், தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீன முதியவர் ஒருவரிடம் கேட்டு அவருடன் அமர்ந்தோம். அவர் தலையை அசைத்துவிட்டு, விரித்து வைத்திருந்த செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்; நாங்கள் எழுந்திருக்கும்வரை அதைத் திரும்ப விரிக்கவில்லை. முட்டை போடாத 'கோசோங்' பரோட்டா ஒன்று 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 60 காசு, இழுத்து ஆற்றிய தேநீரான தே தாரிக் 2 வெள்ளி. மாமா மனத்துக்குள் ரூபாயில் பெருக்குவது அவருடைய உதட்டிலேயே தெரிந்தது. விலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பருப்புக் குழம்பு கேட்காமலேயே இரண்டாம் முறை வந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டார்.

நீர்த்தேக்கத்தை அடைந்தபோது தூறல் நின்று, மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தத் தீவு இப்படித்தான் இருக்கும்: வெயில் இருக்காது, ஆனால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். 1910-இல் கட்டி முடிக்கப்பட்டபோது இதன் பெயரே காலாங் ஆற்று நீர்த்தேக்கம்தான். நகராட்சிப் பொறியாளராக இருந்த ராபர்ட் பியர்ஸின் பெயரை 1922-இல் சூட்டினார்கள். பிற்பாடு இதே பள்ளத்தாக்கில் மேலே இன்னோர் அணை கட்டியதால், பழையது லோவர் பியர்ஸ், புதியது அப்பர் பியர்ஸ் என்று ஆயின. சுற்றிலும் இருக்கும் காட்டை வெட்டாமல் காத்து வருவது அழகுக்காக மட்டும் அன்று. மழைநீர் மண்ணில் இறங்கி வடிந்து வருவதற்கு அந்தக் காடே வடிகட்டி.

காட்டுக்குள் போடப்பட்டிருக்கும் மரப்பலகைப் பாதையில், நீள்வால் குரங்கு ஒன்று எந்தப் பரபரப்பும் இல்லாமல் எதிரே நடந்து வந்து, மாமாவின் கையிலிருந்த வடைப் பொட்டலத்தை நெகிழிப் பையோடு வாங்கிக்கொண்டு போயிற்று. பிடுங்கியது என்று சொல்ல முடியாத அளவுக்கு அது நிதானமாக இருந்தது. எதிரே வந்த ஓட்டக்காரப் பெண் ஒருவர் நின்று, நெகிழிப் பையைக் கண்டாலே உணவு என்று அவை முடிவு செய்துவிடும், எதையும் பைக்குள் மறைத்து வையுங்கள் என்று கனிவாகச் சொல்லிவிட்டு ஓடினார்.

மாமாவுக்கு வடை போனது ஒரு பொருட்டாக இல்லை. அணைக் கரைமேல் நின்றுகொண்டு, "தண்ணி தொறந்து விடற மதகு எங்க இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார். குடிநீருக்காகத் தேக்கியது இது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும், அணை நிறைந்து வழிந்தால் மிச்சம் ஆற்றுக்கு வரும் என்றேன். அணைக்குப் பின்னால் கடல்போல் தண்ணீர், முன்னால் சாலை, அதைத் தாண்டினால் வீடுகளுக்குப் பின்புறமாக ஓடும் ஒரு கான்கிரீட் கால்வாய். அதில் கணுக்கால் அளவுக்குத் தெளிந்த நீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்றார். அதற்கு உடனே ஒரு விடையைச் சொல்ல எனக்கு மனமில்லை. அவரே நடந்து பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி: பீஷான் – அங் மோ கியோ பூங்கா

இந்த ஆற்றில் வெளியூர்க்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் இந்த இடத்தைத்தான் பார்த்திருப்பார்கள். முன்பு பூங்கா ஒரு பக்கம், வேலி போட்ட நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாய் மறுபக்கம் என்று இருந்தது. 2.7 கிலோமீட்டர் நீளமிருந்த அந்தக் கால்வாயை உடைத்தெடுத்து, பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி, 2012 மார்ச் மாதத்தில் திறந்தார்கள். தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து செய்த வேலை அது. உடைத்த கான்கிரீட் துண்டுகளை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல் அவற்றைக் குவித்து ஒரு மேடாக்கி, மேலே ஏறி நின்று பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள்.

ஆற்றை வளைத்தால் தண்ணீர் மெதுவாகப் போகுமே, வெள்ளம் வராதா என்பதுதான் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றும் ஐயம். இங்கே செய்திருப்பது அகலத்தில் உள்ள சூட்சுமம். பழைய கால்வாய் 17 முதல் 24 மீட்டர் வரைதான் அகலம். இப்போது சாதாரண நாளில் ஆறு ஒரு சின்ன ஓடைபோல நடுவில் ஓடுகிறது. இரு கரையிலும் சரிவான புல்வெளி. பெருமழையில் தண்ணீர் அந்தப் புல்வெளியில் ஏறிப் பரவும்போது அகலம் ஏறத்தாழ 100 மீட்டர் ஆகிவிடுகிறது. வெள்ளத்தைக் கொண்டுபோகும் திறன் முன்பைவிட 40 விழுக்காடு கூடியிருக்கிறது என்று கணக்கு. அதாவது, காலையில் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம்தான் மாலையில் ஆற்றின் படுகை.

மாமா புல்லைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார். கால்களை மடக்கி உட்கார்ந்து, விரலால் மண்ணை நெருடி, பாறைகளுக்கு இடையே முளைத்திருந்த வேரைப் பிடித்து இழுத்தார், அது அசையவில்லை. வெப்ப மண்டல நாட்டில் இந்த முறை எடுபடுமா என்று அறிய, முதலில் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு பக்க வடிகாலில் 10 வகையான கரைக்கட்டு முறைகளைச் சோதித்து, அவற்றில் தேறிய 7 முறைகளைத்தான் ஆற்றில் பயன்படுத்தினார்கள். குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கரையோடு புதைப்பது, நாணல் சுருளை வைத்து நீரோரத்தைப் பிடிப்பது, துணிபோன்ற விரிப்பில் மண்ணைச் சுற்றி அடுக்கி அதில் செடி நடுவது என்று அவற்றை விளக்கினேன். "நாங்க காவிரிக் கரையில நாணலையும் மூங்கிலையும் நம்பித்தானே நின்னோம். அப்புறம்தானே எல்லாரும் சிமெண்ட்டுக்குப் போனாங்க" என்றார். அந்தச் சொல்லில் பெருமையைவிட எரிச்சல்தான் கூடுதலாகத் தெரிந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மேற்கே வானம் கருத்தது. நாங்கள் அப்போது ஆற்றைக் கடப்பதற்காகப் போட்டிருக்கும் படிக்கற்களின் அருகே இருந்தோம். பூங்காவில் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் மேலே எங்கோ பெய்யத் தொடங்கிவிட்டது என்பதைத் தண்ணீரின் நிறமே சொன்னது. அடியிலிருக்கும் கூழாங்கல் தெரியும்படி இருந்த நீர், பால் அதிகமாக விட்ட தேநீர் போல ஆகிவிட்டது. அதன் பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பும் சங்கொலியும் எழ, எச்சரிக்கை விளக்குகள் சுழன்றன. நீர்மட்டத்தை உணரும் கருவிகள் ஆற்றில் இருக்கின்றன. மட்டம் ஏறத் தொடங்கியதுமே மக்களைக் கரையேற்றிவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. மீன் பிடிக்கும் வலையோடு தண்ணீருக்குள் நின்றிருந்த இரண்டு சிறுவர்களை அவர்களுடைய பாட்டி சீனத்தில் ஓர் அதட்டல் போட்டு மேலே இழுத்தார். எங்களையும் அதே குரலில்தான் அதட்டினார். மொழி புரியாவிட்டாலும் நாங்களும் ஏறிவிட்டோம்.

கூரையுள்ள ஓர் இருக்கையில் ஒதுங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. மாமா தன் கைக்கடிகாரத்தையும் படிக்கற்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கற்களின் தலைமேல் நீர் வழிந்தது, பிறகு கல் இருந்த இடத்தில் ஒரு சுழிப்பு மட்டும் தெரிந்தது, அதன்பின் அதுவும் இல்லை. கரையோரப் புல் படுத்துவிட்டது. கல் மறைய அவர் கணக்குக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும் என்பதையே வாழ்நாள் முழுதும் பார்த்தவர் அவர். இங்கோ மழை விழும் இடம் கூரை, தார்ச்சாலை, வாகன நிறுத்துமிடம். மண்ணுக்குள் இறங்கக் கொஞ்சமும் தாமதிக்காமல் அத்தனையும் ஒரே நேரத்தில் ஆற்றை நோக்கி ஓடுகிறது. இதைக் கட்டுப்படுத்தத்தான் 2014 முதல், 0.2 எக்டருக்குக் குறையாத இடத்தில் எது கட்டினாலும் மழைநீரைத் தொட்டியில் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து மெதுவாக விட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். மழை ஓய்ந்து ஒரு மணி நேரத்தில் கற்கள் திரும்பத் தலைகாட்டின. வந்த வேகத்திலேயே வெள்ளம் வடிந்தும் போகும்.

நனைந்த உடையோடு அருகிலிருந்த காப்பிக் கடையில் இஞ்சி போட்ட தே ஹாலியா குடித்தோம், குவளை 2 வெள்ளி 20 காசு. நாற்காலி ஈரமாகிவிடுமே என்று மாமா நின்றுகொண்டே குடிக்க, கடைக்காரப் பெண்மணி ஒரு பழைய துண்டை நாற்காலியில் விரித்து "அங்கிள், சிட்" என்றார்.

டிசம்பர் 28, சனி: பிராடல் முதல் பொத்தோங் பாசிர் வரை

பூங்காவுக்குக் கீழே ஆறு மறுபடியும் கான்கிரீட்டுக்குள் போய்விடுகிறது. புகைப்படக்காரர்கள் இங்கே வருவதில்லை. எனக்கோ நடந்த தூரத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ஆற்றின் வடிநிலம் எப்படி வேலை செய்கிறது என்பது இங்கேதான் ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி புளோக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரையில் விழும் மழை குழாய் வழியே கீழே இறங்கி, கட்டடத்தைச் சுற்றி இருக்கும் ஒரு சாண் அகல வாய்க்காலில் விழுகிறது. அந்த வாய்க்கால் சாலையோர வடிகாலில் சேர்கிறது, அது மூடிய பெரிய வடிகாலில், அது கால்வாயில், கால்வாய் ஆற்றில். எந்த இடத்திலும் வீட்டுக் கழிவுநீர் இதில் கலப்பதில்லை. அதற்குத் தனிக் குழாய். அது ஆழ்சுரங்க வழியாகச் சாங்கிக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால்தான் நகரத்துத் தெருவில் விழுந்த மழையைத் திரும்பக் குடிநீராக்க முடிகிறது. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்கிறது. லோவர் பியர்ஸில் மாமா கேட்ட கேள்விக்கு விடையும் இதுவே. காலாங் ஆற்றின் ஊற்றுக்கண் அந்த அணையில் இல்லை. ஒவ்வொரு புளோக்கின் காலடியிலும் ஒன்று இருக்கிறது. ஆற்றிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 8 லட்சம் பேர் வசிக்கிறார்கள் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. அத்தனை பேரும் தெரிந்தோ தெரியாமலோ இந்த ஆற்றின் தலைமடைக்காரர்கள்.

மாமா வடிகாலின் அடித்தளத்தைக் காட்டி, நடுவே மட்டும் ஏன் சின்னதாக ஒரு பள்ளம் ஓடுகிறது என்று கேட்டார். மழையில்லாத நாளில் வரும் கொஞ்ச நீர் அகலமான தரையில் பரவித் தேங்கினால் கொசு முட்டையிடும். குறுகிய பள்ளத்தில் விட்டால் அந்தக் கொஞ்சமும் நிற்காமல் ஓடிவிடும். டெங்கியோடு காலமெல்லாம் போராடும் ஊரில் வடிகாலின் குறுக்குவெட்டுகூட அதற்கேற்ப அமைந்துவிடுகிறது.

ஓரிடத்தில் கால்வாயின் குறுக்கே மிதவைத் தடுப்புப் போட்டு, முந்தைய நாள் மழை அடித்து வந்த குப்பையை மூன்று ஊழியர்கள் வாரிக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப் பேச்சுக் கேட்டதும் ஒருவர் நிமிர்ந்து, "எந்த ஊருங்கய்யா?" என்றார். அவருக்கு அரியலூர்ப் பக்கம். கொள்ளிடக் கரைக்காரர் என்று தெரிந்ததும் மாமா அவரை விடவில்லை. குப்பையில் என்னென்ன வரும் என்ற கேள்விக்கு அவர் தந்த விடை ஒரு நகரத்தின் வரலாறாக இருந்தது: நெகிழிப் போத்தல், காலணி, பந்து, இலைதழை, சீனப் பேய் மாதத்தில் காணிக்கைத் தாளின் சாம்பல், தீபாவளிக்குப் பின் மாவிலைத் தோரணம். பேசிக்கொண்டிருந்தபோதே மாமாவின் காலணியின் அடிப்பாகம் முன்னால் பிளந்து வாயைத் திறந்தது. அரியலூர்க்காரர் தன் இடுப்புப் பையிலிருந்து இரண்டு கேபிள் டைகளை எடுத்து, காலணியை மாமாவின் காலில் இருக்கும்போதே சுற்றி இறுக்கி, மிச்ச வாலைக் கத்தரித்தும் விட்டார். காசு நீட்டியதற்கு, "அட, போங்கய்யா" என்பதோடு சரி.

மதியம் தோ பாயோ லோரோங் 8 உணவங்காடி நிலையத்தில் சைவ பீ ஹூன் என்ற அரிசிச் சேமியா சாப்பிட்டோம், முட்டைக்கோசும் பொரித்த தவ்வும் (சோயாக் கட்டி) சேர்த்து 3 வெள்ளி 50 காசு. இந்த நடையில் விலைக்கும் சுவைக்கும் இதுவே முதலிடம். சாப்பிட்டு முடித்ததும் மாமா தட்டை அப்படியே விட்டு எழ, பக்கத்து மேசையிலிருந்த மலாய்ச் சிறுமி எதுவும் சொல்லாமல் தட்டுகளை வைக்கும் அடுக்கைக் கையால் காட்டினாள். 2021 முதல் அது விதி. அபராதமும் உண்டு என்றேன். "அபராதம் இல்லேன்னாலும் அந்தப் பொண்ணு பார்த்த பார்வைக்கே எடுத்து வச்சிருப்பேன்" என்றார்.

பொத்தோங் பாசிரில் ஆறு அகலமாகிவிடுகிறது. கரையோரம் படிக்கட்டுகள், நிழல் மரங்கள், நடைபாதை என்று அழகுபடுத்தியிருக்கிறார்கள். ஆனால் இது தாழ்ந்த நிலம். அடுக்குமாடிகள் வருமுன் காய்கறித் தோட்டங்களும் குளங்களுமாக இருந்த இந்தப் பகுதி, மழைதோறும் மிதந்தது. 1978 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை பெய்து தீவின் பல இடங்கள் மூழ்கின. ஏழு பேர் இறந்தார்கள். அந்த அளவு இன்றைக்கும் முறியடிக்கப்படாத சாதனை. அவென்யூ 2-இல் உள்ள ஸ்ரீ சிவதுர்க்கா ஆலயத்துக்கு மாலை நடை திறந்தபின் போனோம். மார்கழி என்பதால் கூட்டம். தொன்னையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலில் முந்திரி தாராளமாக இருந்தது. கோவில் தூணருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், தாம் சிறுமியாக இருந்தபோது பலகை வீட்டின் கட்டில்மேல் அடுப்பை ஏற்றி வைத்துச் சமைத்த கதையைச் சொன்னார். வெள்ளத்தைவிட அதன்பின் வீட்டுக்குள் வந்த பாம்புகளுக்குத்தான் பயம் என்றார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆறு விரைவுச்சாலைகளுக்கும் பெருஞ்சாலைகளுக்கும் அடியில் இயல்பாகப் புகுந்து போய்விடுகிறது. கரையோடு நடப்பவர்தான் ஒவ்வொரு முறையும் மேம்பாலப் படியேறி இறங்கவோ, சுற்றிப் போகவோ வேண்டியிருந்தது. கேபிள் டை கட்டிய காலோடு அந்தப் படிகளை ஏறிய எழுபது வயதுக்காரர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத இயலாது.

டிசம்பர் 29, ஞாயிறு: தேக்கா

காலையிலிருந்து விடாத மழை. மாமாவுக்குப் புதுக் காலணி வாங்க லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்குப் போனோம். 18 வெள்ளிக்கு ஒன்று அமைந்தது. வாழையிலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த வரிசை நீளமாக இருந்ததால் தோசையோடு நிறுத்திக்கொண்டோம். சட்னி தண்ணீர்.

திரும்பும் வழியில் ரோச்சோர் கால்வாயை எட்டிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. புக்கிட் தீமா பக்கமிருந்து இறங்கி வரும் இந்தக் கால்வாயும் கடைசியில் காலாங் படுகைக்கே போகிறது; ஆகவே லிட்டில் இந்தியாவும் அதே வடிநிலக் குடும்பம். ஒரு காலத்தில் இங்கே மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வணிகமும் செழித்ததற்கு இந்தத் தண்ணீரும் சேற்று நிலமும் முக்கியக் காரணம். எருமை சாலை என்ற பெயர்ப் பலகை இன்னும் நிற்கிறது. எருமைக்குத் தண்ணீர் வேண்டும், எருமை இருந்த இடத்துக்குத் தமிழர்கள் வந்தார்கள். நம்மவர் குடியேற்றத்திலும் ஒரு கால்வாய்க்குப் பங்கு இருக்கிறது. மழையில் கால்வாய் முக்கால் அளவுக்கு நிரம்பி ஓடியது. குடையை மறந்து வைத்துவிட்டு வந்த உணவகத்துக்குத் திரும்பியபோது, அது அங்கேயே, மடித்து, கல்லாவுக்குப் பின்னால் இருந்தது.

டிசம்பர் 30, திங்கள்: காலாங் படுகை, மரினா அணைக்கட்டு

கோலம் ஆயரைத் தாண்டியதும் நீர் ஓடுவது நின்றுவிடுகிறது. அகன்று, அசையாமல், வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. வடமேற்கே வாம்போ ஆறும், கிழக்கே கேலாங் ஆறும், மேற்கே ரோச்சோரும் சேரும் இடம் இது. தெளிவாகச் சொன்னால், இது பழங்காலத்தில் மூழ்கிப்போன ஒரு பள்ளத்தாக்கு. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறுகள் வெட்டிய ஆழமான பள்ளங்கள், பின்னர் கடல் ஏறியபோது மென்மையான களிமண்ணால் நிரம்பின. நிலவியலாளர்கள் அந்தப் படிவுக்கு வைத்த பெயரே காலாங் படிவம்தான். தீவின் நடுவே கருங்கல். இங்கே வந்தால் பல மீட்டர் ஆழத்துக்கு வெண்ணெய்க்கு நிகரான சேறு. 2004 ஏப்ரலில் ரயில் சுரங்கப் பணியின்போது நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து 4 பேர் உயிரிழந்த இடமும் இந்தக் களிமண் நிலத்தில்தான்.

1819-இல் ஆங்கிலேயர் வந்தபோது இந்த முகத்துவாரத்தில் படகுகளிலேயே குடியிருந்த ஓராங் பிடுவாண்டா காலாங் மக்கள், சில ஆண்டுகளுக்குள் ஜொகூரின் புலாய் ஆற்றுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு எரிவாயு ஆலை, மரம் அறுக்கும் ஆலைகள், படகுப் பட்டறைகள் வந்தன. சதுப்பைத் தூர்த்து 1937-இல் விமான நிலையமும் வந்தது. கண்ணாடிக் கோபுரம் வைத்த அதன் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆற்றின் மேல்பகுதியில் பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள். எல்லாக் கழிவும் வந்து சேர்ந்த இடம் இதுவாகையால், 1970-களில் இந்தப் பக்கம் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். 1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் பத்தாண்டில் மீன் பிடிக்கும் அளவுக்குச் சுத்தமாக்க வேண்டும் என்று கெடு வைத்தார். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அப்புறப்படுத்தப்பட்டன. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம் மாறின. 1987-இல் வேலை முடிந்தது. மேட்டில் நின்று சொன்ன சொல் பள்ளத்தில் நிறைவேறியது. இடம் மாறியவர்களின் பக்கத்துக் கதை அவ்வளவு சுலபமாக இருந்திராது என்பதையும் சேர்த்தே நினைக்கத் தோன்றியது.

மீன் இருக்கத்தான் செய்கிறது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் தன் பெட்டியைத் திறந்து காட்டினார்: ரப்பர் தவளை, பளபளக்கும் தகர மீன், இறகு ஒட்டிய கொக்கி. நீர்த்தேக்கம் என்பதால் புழு, இறால் எதுவும் போடக் கூடாது. செயற்கை இரைதான் அனுமதி. ஒவ்வொரு கொக்கியாக எடுத்து, எந்த மழைக்கு எந்த நிறம் எடுபடும் என்று பொறுமையாக விளக்கினார். நீர்நாய்க் கூட்டம் வந்துபோன அன்று மட்டும் எதை மாட்டினாலும் பயனில்லையாம்.

விளையாட்டரங்கத்தைச் சுற்றிக்கொண்டு, தஞ்சோங் ரூ வழியாக அணைக்கட்டை அடைந்தபோது மாலை நான்கு மணி. காற்று பலமாக இருந்தது. புல் முளைத்த கூரைமேல் பட்டங்கள். 350 மீட்டர் அகலமுள்ள வாய்க்காலின் குறுக்கே 2008-இல் கட்டிய அணை இது. உள்ளே நன்னீர், வெளியே கடல். இதற்குத் தண்ணீர் தரும் வடிநிலத்தின் பரப்பு 10,000 எக்டர், தீவில் ஆறில் ஒரு பங்கு. முன்பெல்லாம் கடலேற்றமும் பெருமழையும் சேர்ந்து வந்தால் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் புகுந்துவிடும். இப்போது கடல் இறங்கியிருக்கும்போது மழை பெய்தால் 9 எஃகு மதகுகளைச் சாய்த்துத் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் மதகை மூடிவைத்து, 7 ராட்சத பம்புகளால் இறைத்து வெளியேற்றுகிறார்கள். ஒவ்வொரு பம்பும் நொடிக்கு 40 கனமீட்டர்.

மாமா கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தார். ஏழு பம்புகளும் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 9,900 கன அடி. "மேட்டூர்ல குறுவைக்குத் தொறக்கற தண்ணிக்குக் கிட்டத்தட்ட வந்துடுச்சே. அதுவும் மேல ஏத்தி ஊத்துறான்" என்றார். அவருக்குப் பம்பைவிட மதகின்மீதுதான் கண். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் இரவோடிரவாக அடித்துச் செல்லப்பட்ட செய்தி வந்தபோது, ஓய்வு பெற்றிருந்தும் பேருந்து பிடித்துப் போய்க் கரையில் நின்றவர் அவர். இங்கே கம்பியின்மேல் சாய்ந்து, மதகின் கீல், துருவில்லாத விளிம்பு, இடுக்கில் ஒட்டியிருந்த சிப்பி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பிறகு ஒரு வாதம் தொடங்கியது. காவிரியில் அணை தலையில் இருக்கிறது. தண்ணீர் போதாமல் போனால் முதலில் காய்வது கடைமடை. இங்கே அணை கடைமடையில் இருக்கிறது. மேட்டில் இருப்பவன் என்ன செய்தாலும் கடைசியில் வந்து விழுவது கடைமடைத் தேக்கத்தில்தான். நீர்த்தேக்கங்களைக் குழாய்களால் இணைத்திருப்பதால், ஒன்றில் மிஞ்சுவதை இன்னொன்றுக்கு ஏற்றவும் முடிகிறது. "ஊர்லயும் கடைமடைல ஒண்ணு கட்டியிருந்தா?" என்று நான் கேட்டேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. டெல்டாவின் முகத்துவாரங்களில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும், வண்டல் கடலுக்குப் போகாவிட்டால் கரை அரிக்கும், இந்த ஆற்றில் மணலும் கிடையாது வண்டலும் கிடையாது, அதனால்தான் இதைத் தொட்டிபோல வைத்துக்கொள்ள முடிகிறது என்று அடுக்கினார். நான் ஜொகூரிலிருந்து வரும் தண்ணீரையும் 2061-இல் முடியப்போகும் 1962 ஒப்பந்தத்தையும் சொல்லி, மணல் இல்லாத ஊருக்கும் அதன் கவலை உண்டு என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பட்டம் விட்டுக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று, நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

பம்புகள் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பது மாமாவின் விருப்பம். அங்கிருந்த பணியாளரிடம் கேட்டபோது, கடலேற்றமும் கனமழையும் ஒன்றாக வந்தால்தான் ஓட்டுவார்கள் என்றார். மாமா உடனே கைப்பேசியை என்னிடம் நீட்டி, நாளைய கடலேற்ற நேரத்தை எடுத்துத் தரச் சொன்னார். எனக்கு நாளை வேலை இருக்கிறது என்றேன். அதனால் என்ன, ரயிலில் எந்த நிலையத்தில் இறங்குவது என்று மட்டும் எழுதித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு, தன் பயண அட்டையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டார்.